மாவு புளிச்சிடுச்சு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமா? இங்கே உன் மாமாவுக்கு இருமல் விட்டபாடில்லை. அடுப்புப் பக்கம் போகாதீர்கள் என்றால், அடுப்பைத் தவிர வேறு எங்கேயும் போக மாட்டேன் என்கிறார். எனக்கு முழங்கால். மற்றபடி ரொட்டியும் நாங்களும் நலம்.

உன் முகத்தைத் தினமும் பார்க்கிறேன். நம் ரொட்டிக் கடைக்கு எதிரே மருந்துக் கடை மாடியில் உன் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் பெரிய விளம்பரப் பலகை நட்டிருக்கிறார்கள். அதில் நீ கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாய். கீழே 'புகை அடங்குமுன் உங்கள் வாசலில்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. சலூன்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது நம்ம பெடலா? கழுத்தே காணோமே" என்றார். ஓட்டை சைக்கிளில் பாலிசி விற்க வந்தவனுக்கு இந்தத் தெரு வைத்த பெயர், நீ கம்பெனிக்கே தலைவரான பிறகும் மாறவில்லை. புறாக்களும் உன் தோளைத்தான் தேடி உட்காருகின்றன.

எனக்குப் பெருமையாக இருக்கிறது, மறைக்க மாட்டேன். செருப்புக்கடை எரிந்த அன்று தீயணைப்புக்காரர்கள் குழாயைச் சுருட்டி முடிப்பதற்குள் நீ பணத்தோடு வந்து நின்றாயே, கால்சட்டை முழுக்கச் சாம்பலோடு. அன்றைக்குத்தான் இந்தத் தெரு உன்னை நம்பியது. அதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாம் என் முகத்துக்காகப் போட்டவர்கள். "என் தம்பி, நான் பொறுப்பு" என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். இன்றைக்கும் தெருவுக்கு ஒரே பாலிசி, என் பெயரில், ஜூனுக்கு ஜூன் நான்தான் புதுப்பிக்கிறேன். சேமிப்பையும் எல்லோரும் உன் கம்பெனியில்தான் போட்டிருக்கிறார்கள்.

ஒரு விஷயம். போன மாதம் நம் தெரு அச்சகம் எரிந்துவிட்டது. மின்கம்பியில் கோளாறு. அச்சகக்காரர் மட்டும்தான் மிச்சம். "கவலைப்படாதீங்க, என் தம்பி இருக்கான்" என்று சொல்லிவைத்திருக்கிறேன். கொஞ்சம் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். பலகையில் தெரிகிற அளவுக்கு நிஜத்திலும் சதை போட்டிருந்தால் கொஞ்சம் நட.

உன் அக்கா


ஜனவரி 27

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்று மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். தங்கள் நலனும் மாமா அவர்களின் நலனும் அறிய ஆவல்.

நமது புதிய தலைமை அலுவலகக் கட்டடம் சென்ற வாரம் திறக்கப்பட்டது. இந்நகரிலேயே உயரமான கட்டடம் இதுவே என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இவ்வாண்டு மேலும் பல நகரங்களில் கிளைகள் தொடங்க உள்ளோம். அச்சக உரிமையாளரின் இழப்பீட்டுக் கிளெய்ம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுப் பரிசீலனையில் உள்ளது.

தங்கள் ஆரோக்கியத்துக்கு எமது வாழ்த்துகள்.

அக்கா, இது மட்டும் என் கை. டைப் அடித்ததற்குக் கோபிக்காதே. வாயால் சொல்கிறேன், செயலாளர் அடித்துக் கொண்டுவருகிறார். தலைக்கு மேல் வேலை. உச்சி மாடியில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறக்க முடியாது, அதற்குத் தாழ்ப்பாளே வைக்கவில்லை. மாமாவை டாக்டரிடம் கூட்டிப்போ.

தம்பி


பிப்ரவரி 20

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

'தங்கள் நலம் அறிய ஆவல்' என்று படித்ததும் உன் மாமா இருமலையும் மறந்து சிரித்தார். அந்த வகையில் உன் கடிதம் மருந்தாயிற்று. டாக்டர் புகை ஆகாது என்கிறார். ரொட்டி சுடுகிறவனிடம் சொல்கிற பேச்சா அது? என் முழங்கால் அப்படியேதான். நீ எப்படி இருக்கிறாய் என்று அந்தக் கடைசி நாலு வரியில்தான் தெரிந்தது. ஜன்னல் திறக்காத அறையில் எப்படியடா இருக்கிறாய்?

அச்சகக்காரர் விஷயம். உங்கள் கிளை அலுவலகத்துக்கு அவர் நடையாய் நடக்கிறார். முதலில் இயந்திரம் வாங்கிய ரசீது வேண்டும் என்றார்கள். எப்படியோ நகல் தேடிக் கொடுத்தார். அப்புறம் மின்வாரியச் சான்று. கொடுத்தார். அப்புறம், கடைசி மாதம் கடையில் எவ்வளவு காகிதம் இருப்பு இருந்தது என்ற பதிவேடு. "அது கடைக்குள்ளதான் இருந்துச்சு, எரிஞ்சிடுச்சு" என்று சொன்னாராம். "அப்போ எரிஞ்சிடுச்சுன்னு ஒரு காகிதம் வாங்கிட்டு வாங்க" என்றாராம் உங்கள் ஆள். காகிதம் எரிந்துபோனதற்காகத்தான் தம்பி அவர் உங்களிடம் வந்திருக்கிறார். அவரிடமே காகிதம் கேட்டால் எங்கே போவார்?

போன வாரம் நானும் கூடப் போனேன். எங்களைக் கண்டதும் கிளை அதிகாரி உள்ளே போனார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் பெருக்குகிற அம்மாதான், "அவர் பின்பக்கமா அப்பவே போயிட்டாரே" என்றாள்.

எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. கல்லாவில் உட்கார்ந்திருப்பாள். கடன்காரன் தலை முன் வாசலில் தெரிந்ததும் உள்ளே திரும்பி, "மாவு புளிச்சிடுச்சு!" என்று குரல் கொடுப்பாள். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு பின் கதவு வழியாக நழுவிவிடுவார். நீ குட்டிப் பையன், அது ஒரு விளையாட்டு என்று நினைத்துக் கைகொட்டிச் சிரிப்பாய். கதவைப் பிடித்து நின்றவளும், பிறகு முன்னால் வந்து "அப்பா ஊர்ல இல்லீங்க" என்று சொன்னவளும் நான்தான். அந்த ஆட்கள் என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் கடை என் கைக்கு வந்ததும் அந்தக் கதவைச் செங்கல் வைத்து அடைத்தேன். சுண்ணாம்பு அடித்தும் அந்த இடம் மட்டும் கொஞ்சம் துருத்திக்கொண்டு தெரிகிறது.

நீ அந்தக் கிளை அதிகாரியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

கையால்தான் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலைப் பொறுத்துக்கொள். மாமாவுக்கு இருமல் எப்படி? உன் முழங்காலுக்குத் தைலம் ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன், வந்ததா? எனக்கு ஒன்றும் இல்லை. தூக்கம்தான் பிடிபடவில்லை. கண் எரிகிறதென்று போனால் கண் டாக்டர், கண்ணில் ஒன்றுமில்லை, தூங்குங்கள் என்கிறார்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கூட்டத்துக்கு மேல் கூட்டம். நான் அறைக்குள் நுழைந்தால் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். அவர்கள் உட்கார்ந்த பிறகும் யாரும் உண்மையைப் பேசுவதில்லை. கணக்கு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நன்றாக இருக்கும்படி எழுதச் சொன்னதே நான்தானே, வேறு என்ன சொல்வார்கள்.

மற்ற கம்பெனிகளைவிடக் குறைந்த பிரீமியத்துக்கு விற்றுத்தான் இவ்வளவு பெரிதானோம். வந்த பணத்தை நிலத்தில் போட்டோம். நிலம் இருக்கிறது. வாங்கத்தான் ஆள் இல்லை. விற்கும்வரை கிளெய்ம்களைக் கொஞ்சம் மெதுவாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தற்காலிக ஏற்பாடுதான். அச்சகக்காரரிடம் பொறுமையாக இருக்கச் சொல்.

நம் கடை ரொட்டியின் அடிப்பக்கம் கொஞ்சம் தீய்ந்திருக்குமே, இங்கே எந்தக் கடையிலும் அப்படிக் கிடைப்பதில்லை. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஏப்ரல் 18

தம்பிக்கு,

தைலம் வந்தது, தேய்த்துக்கொள்கிறேன். மாமாவுக்கு ஒன்றும் தேறவில்லை. நீ தூங்குகிறாயா?

அச்சகக்காரர் இப்போது நம் கடையில் ரொட்டிக்குக் காகிதம் சுற்றுகிறார். நான் கூப்பிடவில்லை, அவராகவே ஒருநாள் காலையில் வந்து நின்றார். மனிதர் காகிதத்தை மடிக்கிற அழகைப் பார்க்க வேண்டும், நூல் பிடித்த மாதிரி ஓரம் விழுகிறது. அவர் நகக்கண்ணில் எப்போதும் மை இருக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது கை சுத்தமாக இருக்கிறது. நேற்று அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பொண்ணு பார்க்கப் போற கை மாதிரி ஆயிடுச்சும்மா" என்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அவருக்குக் கிடைக்குமா, கிடைக்காதா? மெதுவாக என்பதெல்லாம் எனக்குப் புரியாத பாஷை. ஜூன் வருகிறது. தெரு முழுக்க மறுபடி என் கையில் தவணையைக் கொண்டுவந்து கொடுக்கும். எந்த வாயால் வாங்குவேன் என்று நீ சொல்லிவிடு.

உடம்பு பத்திரம்.

அக்கா


மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். இங்கே வெயில் அதிகம். அலுவலகத்தில் குளிர்சாதனம் போட்டு நடுங்க வைக்கிறார்கள், வெளியே வந்தால் வேர்க்கிறது. மாமாவுக்கு வெந்நீர் மட்டும் கொடு.

வீட்டுக்காரி அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். சும்மாதான், மாறுதலுக்கு. வீடு பெரிதாகத் தெரிகிறது.

நீ கேட்டதற்கு என்னால் எழுத்தில் எதுவும் சொல்ல முடியாது. என் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்களோ என்று சந்தேகம்.

மாவு புளிச்சிடுச்சா என்று பார்த்துக்கொள். உன் கடை மாவை மட்டும் பார்த்தால் போதும், ஊர் மாவெல்லாம் உனக்கு எதற்கு.

அவ்வளவுதான் அக்கா. இதைப் படித்ததும் கிழித்துவிடு.

தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். மாவு நன்றாகத்தான் இருக்கிறது, நீ கவலைப்படாதே. ஜூன் மாத வேலையை முடித்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரி திரும்பி வந்தாளா? தனியாக இருந்தாலும் அடுப்பைப் பற்றவைத்து ஏதாவது சமைத்துச் சாப்பிடு.

அக்கா


ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்? செய்தித்தாளில் எல்லாம் பார்த்திருப்பாய். நான் உயிரோடு இருக்கிறேன்.

எல்லாம் உங்கள் பக்கத்திலிருந்துதான் ஆரம்பித்தது. உங்கள் ஊர்க் கிளையில் ஜூன் நடுவில் கொஞ்சம் பேர் சேமிப்பு பாலிசியைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்டார்கள். கொடுத்தோம். அடுத்த வாரம் வாசலில் வரிசை. அதற்கடுத்து பக்கத்து ஊர்களில். ஜூலையில் தலைமை அலுவலகத்துக்கு எதிரே நடைபாதையில் குடையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக ஜனம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தலைகள் மட்டும்தான் தெரிந்தன. கீழே இறங்கிப் போய் அவர்களிடம் பேச வேண்டும் என்று நினைத்தேன், நிஜமாகவே நினைத்தேன். கார் நிறுத்துமிடம் வழியாக வெளியே கூட்டிப்போய்விட்டார்கள்.

இயக்குநர்கள் கூடி என்னை நீக்கிவிட்டார்கள். போன வருஷம் எனக்கு மாலை போட்ட அதே கைகள். அரசாங்கம் கம்பெனியைப் பூட்டி அதிகாரி ஒருவரை நியமித்திருக்கிறது, விசாரணையும் வருகிறது. பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்து வாசல்வரை கூடவே ஒரு காவலாளி வந்தார். அவர் மட்டும், "வரேன் சார்னு சொல்லுங்க, போறேன்னு சொல்லாதீங்க" என்றார்.

எந்தக் கம்பெனிக்கும் பொல்லாத காலம் வரும். நிலம் விற்றிருந்தால் சமாளித்திருப்பேன். யாரோ வேண்டுமென்றே கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எதிர்க் கம்பெனி ஆளாக இருக்கும். அந்த ஆள் யாரென்று தெரிந்தால் போதும் எனக்கு. உன் காதில் ஏதாவது விழுந்ததா?

பதில் போடு.

தம்பி


செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? மாமாவுக்கு ஒன்றுமில்லையே? பயமாக இருக்கிறது, ஒரு வரி எழுது.

வீட்டைக் காலி செய்துவிட்டேன். மேலே எழுதியிருப்பது புது முகவரி. ஒரே அறை. தைக்கிற கடைக்கு மேலே. இயந்திரம் ஓடினால் கட்டில் அதிர்கிறது. ஜன்னல் திறக்கிறது, அது ஒன்றுதான் ஆறுதல். வீட்டுக்காரி அண்ணன் வீட்டிலேயே இருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை, மார்க்கெட்டில் யாரோ முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்களாம்.

நானே சமைக்கிறேன். தினமும் முட்டைதான். நீ இருந்தால் திட்டியிருப்பாய், அதற்காகவாவது எழுது அக்கா.

தம்பி


அக்டோபர் 11

என் தம்பிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. எனக்கும் மாமாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத முடியாமல்தான் எழுதவில்லை. பேனாவை எடுப்பேன், உன் பெயரை எழுதுவேன், யாராவது பன் வாங்க வந்துவிட்டால் நிம்மதியாக எழுந்து போய்விடுவேன்.

நீ தேடுகிற ஆள் நான்தான்.

மே மாதக் கடிதம் வந்ததும் முதல் தடவை படிக்கும்போதே புரிந்துவிட்டது. மாமாவிடம் காட்டினேன். "தம்பி ஜாடையா சொல்லிட்டான்ல, நம்ம கடைய மட்டும் வேற கம்பெனிக்கு மாத்திட்டு வாயைத் திறக்காம இரு" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. நீ வேலையையே பணயம் வைத்து எனக்கு எழுதியிருக்கிறாய். நான் வெளியே சொன்னால் உன் தலை உருளும். சொல்லாவிட்டால் தெருவே போய்விடும். ரொட்டித் தட்டை அடுப்பில் வைத்துவிட்டு எடுக்க மறந்தேன், இரண்டு வேளைச் சரக்கு கரியானது.

அப்புறம் செருப்புக்கடை அம்மா வந்தாள். ஜூன் தவணையை என் கையில் வைத்து, "உன் தம்பி இருக்கிற வரைக்கும் எங்களுக்கென்ன" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். எனக்கு அந்த நிமிஷம் நான் பாவாடை கட்டிக்கொண்டு பின் கதவைப் பிடித்து நிற்கிற மாதிரி இருந்தது. இந்தத் தடவை உள்ளே இருந்து நழுவப் போவது அப்பா இல்லை, நானே. அதற்கப்புறம் என்னால் முடியவில்லை.

அன்று மதியமே எல்லோரையும் கடைக்குக் கூப்பிட்டேன். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன், எல்லோரும் குனிந்து குனிந்து வந்தார்கள். வாங்கிய தவணையை அவரவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

"இந்த வருஷம் பாலிசியைப் புதுப்பிக்கலை. சேமிப்புல போட்டிருக்கிறதையும் எடுத்துடுங்க."

"ஏன், பெடலுக்கு ஏதாவது ஆச்சா?" என்றார் சலூன்காரர்.

"காரணம் கேக்காதீங்க. கையெழுத்துப் போட வெச்சது நான். இப்ப எடுங்கன்னு சொல்றதும் நான்தான்."

"உன் தம்பி கம்பெனிம்மா அது" என்றாள் செருப்புக்கடை அம்மா.

"தெரியும்" என்றேன்.

மூலையில் காகிதம் மடித்துக்கொண்டிருந்த அச்சகக்காரர்தான், தலையைத் தூக்காமல், "அப்போ என்னோடது?" என்று கேட்டார்.

வெளியே சொல்லாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொண்டேன். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு மச்சான், ஒரு சம்பந்தி இருக்கிறார்களே. மறுவாரமே சலூன் நாற்காலியில் யாரோ உட்கார்ந்து, "தலைவரோட அக்காவே வெளிய வந்துட்டாங்களாமே" என்றாராம். அவ்வளவுதான். எதிர்க் கம்பெனியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

நம் தெருவுக்குப் பணம் வந்துவிட்டது. எல்லோரும் என்னைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்கிறார்கள். அதுவும் எனக்கு இறங்கவில்லை. அடுத்த தெருவில் ஒரு பஸ் டிரைவர் மனைவி, தினமும் காலையில் இரண்டு ரொட்டி வாங்குவாள். அவள் வரிசையில் நின்று வாசலை நெருங்கும்போதுதான் உங்கள் கிளையைப் பூட்டினார்கள். இப்போது ஒரு ரொட்டி வாங்குகிறாள். எங்கள் தெரு வாங்கி வந்ததில் அவள் பங்கும் இருக்குமோ என்று நினைத்தால் கண்ணை மூட முடியவில்லை. நான் செய்தது சரி என்று உன்னிடம் வாதாட வரவில்லை தம்பி. வேறு மாதிரி செய்ய எனக்குத் தெரியவில்லை.

உன்னைப் பலகையிலிருந்து கிழித்தார்கள். பாதி கிழித்ததும் மழை வந்துவிட்டது, ஆட்கள் போய்விட்டார்கள். கட்டிய கை மட்டும் கொஞ்ச நாள் அங்கேயே இருந்தது. நான் கடையை எதிர்ப்பக்கம் பார்க்காமல் திறந்து மூடினேன்.

என்மேல் கோபப்படு, நியாயம்தான். ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே. உன்னைத் தொலைத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. முட்டையை மட்டும் தின்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

அக்கா


டிசம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவுக்கும் உனக்கும் குளிர் ஒத்துக்கொள்கிறதா? எனக்கு இங்கே தையல் கடைக்காரர் ஒரு போர்வை தைத்துக் கொடுத்தார், வெட்டுத் துணியில். நன்றாகவே கதகதப்பாக இருக்கிறது.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு நாளாயிற்று. முதலில் கோபம்தான் வந்தது. கூடப் பிறந்தவளே என் கழுத்தில் கத்தி வைத்துவிட்டாள் என்று இந்த அறையில் தனியாக வாய்க்கு வந்தபடி பேசினேன். நீ கேட்டிருந்தால் நாலு நாள் சாப்பிட்டிருக்க மாட்டாய்.

அப்புறம் யோசித்தேன். பின் கதவைச் செங்கல் வைத்து அடைத்ததை நீ பிப்ரவரியிலேயே எனக்கு எழுதியிருக்கிறாய். அதைப் படித்தவன்தான் மே மாதம் உனக்கு அந்த வரியை எழுதினேன். கதவே இல்லாத இடத்தில் உன்னை நழுவச் சொல்லியிருக்கிறேன். மறந்துபோய் எழுதினேனா, இல்லை நீ நழுவ மாட்டாய் என்று தெரிந்தே எழுதினேனா, எனக்கே விளங்கவில்லை. ஒன்று மட்டும் தெரியும். தபாலில் போட்ட அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

நீ தள்ளி அது விழவில்லை அக்கா. விழ வேண்டியதுதான். இன்னும் ஆறு மாதம் நான் பூசி மெழுகியிருந்தால் இன்னும் ஆயிரக்கணக்கான பேர் தவணை கட்டிவிட்டு அந்த டிரைவர் மனைவி நின்ற இடத்தில் நின்றிருப்பார்கள். அவள் ஒரு ரொட்டி வாங்குவதற்கு நான்தான் காரணம். அதை உன் கணக்கில் எழுதிக்கொள்ளாதே.

போன வாரம் விசாரணை. 'இன்னும் ஒரு காகிதம் கேளுங்கள்' என்ற உத்தரவு யாருடையது என்று கேட்டார்கள். அது கிளெய்ம் பிரிவின் முடிவு என்று சொல்லச் சொல்லி வக்கீல் பாடம் நடத்தியிருந்தார். கிளெய்ம் பிரிவு அதிகாரி எனக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு. என் உத்தரவு என்று சொல்லிவிட்டேன். பொய்க் கணக்கும் என் கையெழுத்து என்றேன். வக்கீல் ஃபைலை மூடிவிட்டார். தீர்ப்பு எப்படி வரும் என்று தெரியாது. நல்லபடியாக வராது.

அதற்குள் ஒரு வேலை செய்ய நினைக்கிறேன். பணம் கிடைக்காதவர்கள் அரசாங்க அதிகாரிக்கு ஜனவரிக்குள் மனு கொடுக்க வேண்டும். அச்சகக்காரருக்கு முழுசாக வராது, பாதியாவது வருமா என்பதும் சந்தேகம்தான். ஆனால் எந்தக் காகிதம் இல்லையென்று மனுவைத் திருப்புவார்கள், அதற்கு என்ன பதில் எழுதினால் திருப்ப முடியாது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? திருப்பச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். உட்கார்ந்து எழுதிக் கொடுத்தால் அவருக்கும், அந்த டிரைவர் மனைவிக்கும், வருகிற மற்றவர்களுக்கும் கொஞ்சம் உதவும். நான் வரட்டுமா?

தெருவை நினைத்தால் கால் வரவில்லை. கடைகள் திறக்கும் முன்பே, பின் சந்தைச் சுற்றி வந்து உள்ளே நுழைந்துவிடுகிறேன். உள் அறையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு இருட்டியதும் கிளம்பிவிடுகிறேன். நான் வந்தது யாருக்கும் தெரிய வேண்டாம்.

உன் பதிலைப் பார்த்து பஸ் ஏறுகிறேன்.

தம்பி


டிசம்பர் 22

தம்பிக்கு,

வா. உடம்பைப் போர்த்திக்கொண்டு வா, இங்கே குளிர் அதிகம். மாமா இருமிக்கொண்டே உனக்காக அடி தீய்ந்த ரொட்டி எடுத்து வைப்பதாகச் சொல்கிறார், அதற்கென்று தனியாகத் தீய்க்க வேண்டியதில்லை.

நீ வருவதை அச்சகக்காரரிடம் சொல்லிவிட்டேன். "பேனா அவர் கொண்டு வருவாரா, நான் வாங்கி வைக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். டிரைவர் மனைவியிடமும் சொன்னேன். அவள் ரொட்டியை வாங்கிக்கொண்டு போனாள். வருவாளா தெரியாது. வந்தால் உன்னைச் சும்மா விட மாட்டாள். சலூன்காரரும் ஏதாவது கேட்பார். கேட்டுக்கொள்.

உள் அறையில் மாவு மூட்டை அடுக்கியிருக்கிறது, உட்கார இடமில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் மேசை போட்டு வைக்கிறேன், தெருவைப் பார்த்த மாதிரி.

கடைகள் எல்லாம் திறந்த பிறகு வா. முன் கதவு வழியாக வா, எனக்கு இருப்பது அது ஒன்றுதான். நான் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன். உன்னைப் பார்த்து யார் எழுந்து வந்தாலும், மாவு புளிச்சிடுச்சு என்று குரல் கொடுக்க மாட்டேன்.

அக்கா